பத்தாம் வரி: விவரம் பின்னர்

1

இன்று வியாழக்கிழமை. இங்கே ஜெர்மனியில், பிரெமர்ஹாஃபனில் காலை ஏழு மணி, ஊரில் பத்தரை. இந்நேரம் சேவியர் திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனையின் பெஞ்சில், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்களை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் போகாதவர் அவர். இன்று போயிருக்கிறார். "பஸ் ஏத்திவிட்டாச்சு அத்தான்" என்று என் தம்பியின் மனைவி கோமதி செய்தி அனுப்பியிருக்கிறாள்.

சேவியர் என் தம்பி முருகேசனின் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகளாக வெல்டர். முருகேசன் சென்ற ஆண்டு மாரடைப்பில் இறந்துபோனான். அவனுடைய தலைத்திவசத்துக்குத் தூத்துக்குடி போய்த் திரும்பி ஐந்து வாரங்கள் ஆகின்றன. போன இடத்தில் இரண்டு செய்திகளை அறிந்தேன். வாழ்வின் கடைசி பதினொரு மாதங்கள் தம்பியால் எதையும் நேராகப் பார்க்க முடியவில்லை என்பது ஒன்று. அதற்குக் காரணமான கருவியை அவன் வாங்கியது நான் எழுதி அனுப்பிய ஒரு தாளைப் படித்து என்பது மற்றொன்று. அதே கருவியைச் சேவியர் இயக்கிக்கொண்டிருந்தார். அவர் கண்களில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது இன்று தெரிந்துவிடும்.

என் மேசையில் அந்தக் கருவியின் சாவி இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். கையடக்க லேசர் வெல்டிங் கருவியை வாங்கியிருப்பவர்களும் வாங்க எண்ணியிருப்பவர்களும் ஊர்ப்பக்கம் இப்போது பலர். அவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2

தம்பியின் பட்டறை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. விசைப்படகுகளின் டீசல் தொட்டி, மீன் பதப்படுத்தும் ஆலைகளின் எவர்சில்வர் மேசை, ஐஸ் பெட்டி, உப்பு ஆலைகளின் சரிவுக் குழாய் என்று உப்புக் காற்று எவற்றைத் தின்னுமோ அவற்றைத் திரும்பச் செய்து கொடுப்பதே அங்கே தொழில். இருபது வயதில் அவனுடைய இடது கண்ணில் வெல்டிங் கசடுத் துண்டு ஒன்று தெறித்தது. அந்தக் கண் பாதி மங்கல். வலது கண் ஒன்றை நம்பியே அவன் நாற்பது ஆண்டுகள் மயிரிழை பிசகாமல் வேலை செய்தான்.

நான் உலோகவியலில் முனைவர் பட்டம் பெற்று, முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து, கப்பல் கட்டும் தளங்களில் வெல்டிங் இணைப்புகளைச் சோதித்துச் சான்றளிப்பவனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். அவன் பற்றவைப்பான், நான் பிறர் பற்றவைத்ததில் குறை காண்பேன். "ஒனக்கு என்னண்ணே, அடுத்தவன் தப்புல சோறு" என்று கேலி செய்வான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தான்.

"அண்ணே, லேசர் துப்பாக்கின்னு ஒண்ணு வந்திருக்காம். கையில புடிச்சு கோடு போட்டாப்புல இழுத்தா தகடு ஒட்டிருதாம். நெசமா, இல்ல காதுல பூ சுத்துதானுவளா?"

"நெசந்தான்லே. நாங்க இங்க பரிசோதிச்சிருக்கோம்."

"அப்ப நீயே ஒரு தாள்ல எழுதி அனுப்பு. எது எதுக்கு நல்லதுன்னு வெவரமா. நீ எழுதுனா நான் கண்ண மூடிட்டு வாங்கிருவேன்."

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். ராடு வெல்டிங், ஆர்கான் வெல்டிங், சி.ஓ.டூ வெல்டிங், கையடக்க லேசர் என நான்கு பத்திகளும் பத்து வரிகளும் கொண்ட அட்டவணை. ராடு துருவையும் பழைய பெயின்டையும் மன்னிக்கும், கடல் காற்றில் நின்று செய்யலாம், படகின் கனத்த தகட்டுக்கு அதற்கு மாற்றில்லை, ஆனால் மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டுவிடும் என்று எழுதினேன். ஆர்கான் மிகச் சுத்தமானது. ஆனால் இரண்டு கைகளுக்கும் வேலை வைக்கும், மெதுவாக நகர்வதால் சூடு பரவி எவர்சில்வர் தகடு அப்பளம் போல நெளியும், நெளிந்ததைத் தட்டி நிமிர்த்த இன்னொரு நாள் போகும். சி.ஓ.டூ வேகமானது, பொறி தெறிக்கும், காற்றடித்தால் வாயு கலைந்து இணைப்பில் துளை விழும். லேசரோ மெல்லிய தகட்டில் ஆர்கானைவிட மூன்று நான்கு மடங்கு வேகம். சூடு ஒரு குறுகிய கோட்டுக்குள் அடங்குவதால் தகடு நெளியாது. ஒரு வாரத்தில் கை பழகிவிடும். ஆனால் இரண்டு விளிம்புகளும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், கனத்த இரும்புக்கு ஆகாது, ஆகையால் ராடைத் தூக்கிப் போட்டுவிடாதே என்று அடிக்கோடிட்டேன்.

இவற்றில் ஒரு சொல்லும் தவறில்லை. இன்று திரும்ப எழுதினாலும் அப்படியேதான் எழுதுவேன்.

ஏழாம் வரியின் தலைப்பு 'வெளிச்சம்'. ராடுக்கு 'மிக அதிகம்', லேசருக்கு 'குறைவு' என்று எழுதியிருந்தேன். அதுவும் சரிதான். பத்தாம் வரியின் தலைப்பு 'கண் பாதுகாப்பு'. முதல் மூன்று பத்திகளில் கறுப்புக் கண்ணாடியின் எண்களைக் குறித்தேன். லேசர் பத்தியில், 'தனிக் கண்ணாடி, தனி அடைப்பு தேவை. விவரம் பின்னர்' என்று எழுதினேன்.

பின்னர் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. விவரம் ஜெர்மன் மொழியில் நீண்ட ஆவணமாக இருந்தது. அதை நல்ல தமிழில் தர விரும்பினேன். அலைநீளம், விழித்திரை, தெறிப்பு, தடுப்புத் திறன் ஆகியவற்றுக்குச் சரியான கலைச்சொற்களைத் தேர்ந்துகொண்டிருந்தேன். என் குறிப்பேட்டில் அவற்றுக்கென்றே இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. அடித்தும் திருத்தியும் அழகான கையெழுத்தில்.

3

தம்பி மறக்கவில்லை. கருவி வந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டான்.

"கண்ணாடி வெவரம் அனுப்புதேன்னியே, என்னாச்சுண்ணே?"

"வருது, வருது. மெஷினோட ஒரு கண்ணாடி வந்திருக்குமே?"

"பச்சையா ஒண்ணு வந்துருக்கு. நம்ம ஊரு வெக்கைக்கு போட்ட ரெண்டாவது நிமிசம் மூட்டம் அடிச்சிருது. மூக்குலருந்து வழுக்கிட்டு வேற வருது. அங்கன எப்படிப் போடுதானுவ?"

அந்தக் கேள்விக்கு நான் நேரான பதில் சொல்லவில்லை. வேடிக்கையாக ஒன்று சொன்னேன்.

"இங்க அந்த மெஷினை ஓட்டணும்னா ஏழு தாள் நிரப்பணும்லே. மெஷினுக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு மேல ஒரு விளக்கு. விளக்கு எரியுதான்னு பாக்க ஒரு அதிகாரி. அந்த அதிகாரி அதுக்குப் படிச்சாரான்னு பாக்க ஒரு தாள்."

"விளக்குக்கு காவலாளா! கொடுத்து வச்ச நாடுண்ணே. அங்க ஒருத்தன் தும்முனாக்கூட பாரம் நிரப்பணும் போல."

"ஆமா. இடது மூக்கா, வலது மூக்கான்னு ரெண்டு கட்டம் இருக்கும்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கண்ணாடிப் பேச்சு அதோடு நின்றது.

வெளிநாட்டில் வாழ்பவர்கள் ஊருக்கு அனுப்பும் பொருள்களில் இத்தகைய நகைச்சுவையும் ஒன்று. இங்கே குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டுகிறது என்பதையும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒருவரோடும் பேசாமல் கழிகிறது என்பதையும் நாம் சொல்வதில்லை. குப்பையைப் பிரித்துப் போட நான்கு தொட்டிகள் என்றும், மரத்தின் கிளையை வெட்ட அனுமதிக் கடிதம் என்றும் சொல்லிச் சிரிக்க வைக்கிறோம். சிரிப்பு வந்தால் தூரம் குறைந்ததுபோல் இருக்கிறது. கேட்பவர்கள் அந்தத் தாள்களெல்லாம் வேலையற்றவர்களின் வீம்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாம் அப்படித்தானே சொல்லியிருக்கிறோம்.

அந்த ஏழு தாள்களும் எதற்காக என்பது எனக்குத் தெரியும். நானே பலமுறை நிரப்பிக் கையெழுத்திட்டிருக்கிறேன். தெரிந்திருந்தும் சிரித்தேன் என்பதை ஐந்து வாரங்களாக என்னால் நம்ப முடியவில்லை. அந்த ஆண்டு நான் ஊருக்கு அனுப்பிய பெட்டியில் காப்பித் தூளும் சாக்லேட்டும் மூட்டுவலித் தைலமும் இருந்தன. தகுந்த கண்ணாடி ஒன்று என் பழைய அலுவலகப் பையில், பயன்படுத்தாமல், உறையோடு இருந்தது.

4

முதல் ஏழெட்டு மாதங்கள் தம்பி மகிழ்ச்சியில் மிதந்தான்.

"கண்ணு உறுத்தவே இல்லண்ணே. ராடு அடிச்சா சாயங்காலம் மண்ணள்ளிப் போட்டாப்புல இருக்குமே, வெள்ளரிக்காய வெட்டி வச்சுட்டுப் படுக்கணுமே, அந்தத் தொல்லையே கெடையாது. எந்தப் புண்ணியவான் கண்டுபுடிச்சானோ!"

பிறகு, எந்த மாதம் என்று அப்போது குறித்துக்கொள்ளவில்லை, அவனுடைய வீடியோ அழைப்புகள் மாறின. முகத்தைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினான். பார்வை என் மீது இல்லை. எனக்கு அருகே எங்கேயோ இருந்தது. அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் போலும், பாதி கவனம் அங்கே இருக்கிறது போலும் என்று நினைத்தேன். வயதானால் வரும் அலட்சியம் என்றும் நினைத்தேன்.

"நேராப் பாத்துப் பேசுலே. யார்ட்டயோ பேசுத மாதிரி இருக்கு."

"ஒன்னத்தாம்ணே பாக்கேன்" என்பான்.

இன்னொரு பழக்கமும் வந்தது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிட்டு நிறுத்துவான். பிறகு, "என்ன, சிரிக்கியா?" என்று கேட்பான். ஒவ்வொரு முறையும் கேட்டான். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பாத்தாத் தெரியலையாலே?" என்பேன்.

என் மகள் மீனா லைப்சிக்கில் மழலையர் பள்ளி ஆசிரியை. அவளுடைய தமிழ் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துவருகிறது. சித்தப்பாவின் பெயரைக்கூட ஜெர்மன் நாக்கில்தான் உச்சரிப்பாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவனோடு ஐந்து நிமிடம் பேசினாள். பேசி முடித்ததும் என்னிடம் சொன்னாள்:

"அப்பா, சித்தப்பா என்னைப் பாக்கல. என் காதைப் பாக்கிறார்."

"பெரியவர்களை அப்படிச் சொல்லக் கூடாது" என்றேன்.

"குறை சொல்லல. என் வகுப்பில ஒரு குழந்தை இப்படித்தான் பாக்கும்."

அந்தக் குழந்தைக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்வதில் மரியாதை இருக்கிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

அவன் இறந்த செய்தி வந்த அன்று என் கடவுச்சீட்டு புதுப்பிப்பதற்காக அலுவலகத்தில் இருந்தது. நேரில் போய்க் கேட்டேன். இத்தனை ஆண்டுகள் எனக்குச் சோறு போட்ட ஜெர்மன் மொழி அன்று பிசகியது. என் தம்பி இறந்துவிட்டான் என்பதற்குப் பதிலாக, இறந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். "அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது" என்று அங்கிருந்த அம்மையார் கனிவோடு ஒரு படிவத்தை நீட்டினார். நான் திருத்தவில்லை. படிவத்தை நிரப்பினேன். கடவுச்சீட்டு கைக்கு வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. மீனா எனக்கு ஓர் இரங்கல் அட்டை அனுப்பியிருந்தாள். கடையில் வாங்கியது, அச்சிட்ட இரண்டு வரிகளுக்குக் கீழே கையெழுத்து மட்டும்.

ஆகவே தலைத்திவசத்துக்குத்தான் போனேன். திவசம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டறைக்குப் போனேன்.

உள்ளே லேசர் ஓடிக்கொண்டிருந்தது. மீன் ஆலைக்கான பெரிய எவர்சில்வர் தொட்டி. முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் தகடு. அதன் உள்மூலையில் சேவியர் தலையை நுழைத்துத் துப்பாக்கியை இழுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கடற்கரையில் விற்கும் கூலிங் கிளாஸ். கருவியோடு ஒரு கிளிப் வரும். அதைத் தகட்டில் மாட்ட வேண்டும். துப்பாக்கியின் மூக்கு தகட்டைத் தொட்டால்தான் ஒளி பாயும். காற்றில் தவறிப் பாயாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஒவ்வொரு முறையும் மாற்றி மாட்டுவது தொல்லை என்று அந்தக் கிளிப்பைத் துப்பாக்கியின் மூக்கிலேயே நிரந்தரமாக மாட்டியிருந்தார்கள். விசையை அழுத்தினால் எந்தத் திசையிலும் பாயும்.

"நிறுத்து!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

சேவியர் துப்பாக்கியை வைத்துவிட்டுச் சிரித்தபடி வந்தார். பெரியதாழை என்ற கடலோர ஊர்க்காரர், நாற்பத்தைந்து வயது. தம்பி அவருக்கு அண்ணாச்சி என்பதால் நான் பெரியண்ணாச்சி.

"வாங்க பெரியண்ணாச்சி. என்ன, தொட்டி ஒழுகுதா? இன்னும் தண்ணியே ஊத்தலியே!"

"கண்ணாடி எங்கே?"

"போட்டிருக்கேன்லா?" கூலிங் கிளாஸைத் தொட்டுக் காட்டினார்.

"மெஷினோட வந்தது?"

கருவியோடு வந்த பச்சைக் கண்ணாடி மாதா படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் ஆணியில் தொங்கியது. தூசி படிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு, மின்பலகைக்கு மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். என் கையெழுத்து. ஏழாம் வரியில் 'குறைவு' என்பதை யாரோ சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி இருக்கையில பச்சைக் கண்ணாடியப் போடு போடுன்னு சத்தம் போடுவாரு. கடைசி ஒரு வருசம் அவரு தொல்லை தாங்கல" என்றார் சேவியர். "ஏம்னு கேட்டா சொல்லமாட்டாரு. அவரு போனப்புறம் நான் அத மாட்டி வச்சுட்டேன். கண்ணு உறுத்தல, தண்ணி வடியல. எதுக்கு அது?"

"உறுத்தாததுதான் ஆபத்து, சேவியர்."

"எங்க அண்ணன் சங்கு குளிக்கான். காது விண்ணுன்னு தெறிச்சா மேல வந்துருவான். வலிதான் பெரியண்ணாச்சி எங்களுக்கு மீட்டரு. வலிக்காத காயம்னு ஒண்ணு உண்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்: "அண்ணாச்சியும் ஒங்களப் போலத்தான், கண்ணாடி கண்ணாடின்னு. அவரு மட்டும் வரைபடத்தப் பாக்கையில தலையக் கோணிக்கிட்டு, ஓரக்கண்ணால பாப்பாரு. கோழி பாக்குமே, அது மாதிரி. நாங்க சிரிப்போம்."

சேவியர் தலையைக் கோணிக் காட்டினார். அந்தக் கோணம் எனக்குத் தெரியும். பதினொரு மாதங்கள் ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கைபேசியில் பார்த்தவன் நான். பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

6

வீட்டுக்குப் போய்க் கோமதியிடம் கேட்டேன். வீட்டுப் பின்புறக் குழாயில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"முருகேசனுக்குக் கண்ணு எப்படி இருந்தது?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

தண்ணீரை நிறுத்தினாள்.

"ஒருநா காலையில இட்லி வச்சேன் அத்தான். மூணு இட்லி. 'ரெண்டத்தான் வச்சிருக்கே, நடுவுல உள்ளத காணோம்'ன்னாரு. வெளையாடுதாருன்னு நெனச்சு நானும் சிரிச்சேன். தட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறந்தான் மூஞ்சப் பாத்தேன்."

"டாக்டர்ட்ட காட்டலையா?"

"தின்னேலியில காட்டுனோம். வலது கண்ணுல நட்டநடுவுல பொசுங்கிட்டுன்னாரு. மருந்தில்லன்னுட்டாரு. ஓரமெல்லாம் தெரியும், நேராப் பாத்தாத்தான் தெரியாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. 'அண்ணன் எழுதிக் குடுத்து வாங்குன மெஷினு. அவன் படிச்ச ஆளு. இது தெரிஞ்சா ஆயுசுக்கும் கெடந்து அதையே சோதிச்சுக்கிட்டு இருப்பான்'ன்னாரு." அரிசி களைந்த நீரை வடித்தாள். "மொதலாளிக்குக் கண்ணு தெரியலன்னா வேலை வராதுன்னு பட்டறையிலயும் சொல்லல. சேவியர கண்ணாடி போடுன்னு ஏசுனதோட சரி."

ஆக, விவரத்தைப் பின்னுக்குத் தள்ளியவர்கள் இருவர். நான் கலைச்சொல்லுக்காக. அவன் எனக்காக.

7

அந்த விவரத்தை இப்போது எழுதுகிறேன். கலைச்சொற்கள் வேண்டாம்.

ராடு வெல்டிங்கின் கடும் வெளிச்சம் கண்ணின் முன்புறத்தைச் சுடுகிறது. அங்கே வலி உண்டு. மாலையில் மண் விழுந்ததுபோல் உறுத்துவது அதுதான். ஓரிரு நாளில் ஆறிவிடும். லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமை மூடாது. இமை மூடாத கண்ணின் முன்புறத்தை அது ஒன்றும் செய்யாமல் கடந்து, பூதக்கண்ணாடியில் குவிந்த வெயில் போலப் பின்சுவரில் ஒரு புள்ளியில் குவிந்து அந்த இடத்தைப் பொசுக்குகிறது. அங்கே வலி இல்லை. ஆறவும் செய்யாது. துப்பாக்கியிலிருந்து நேரே பாய வேண்டியதில்லை. பளபளக்கும் தகட்டில் பட்டுத் தெறித்த கீற்று போதும். பொறி குறைவு, புகை குறைவு, வெளிச்சம் குறைவு என்பதெல்லாம் உண்மை. அவற்றுக்கும் ஆபத்துக்கும் தொடர்பில்லை. கூலிங் கிளாஸ் உதவாது. ராடுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியையும் நம்பக் கூடாது. அந்த ஒளியின் அலைநீளத்துக்கென்று செய்து, அதன் எண்ணைச் சட்டத்தில் பொறித்த கண்ணாடி வேண்டும்; அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். நான்கு புறமும் மறைப்பு வேண்டும். கிளிப் தகட்டில்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவுதான். எழுதப் பத்து நிமிடங்கள் ஆயின.

மறுநாள் பட்டறையில் கட்டம் போட்ட வரைதாள் ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டினேன்.

"ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு புள்ளிய மட்டும் பாருங்க. சுத்தியுள்ள கோடெல்லாம் நேரா இருக்கான்னு சொல்லுங்க."

"இந்த வயசுல எனக்கு ஒண்ணாங்கிளாஸ் நடத்துதிய பெரியண்ணாச்சி" என்று சேவியர் வலது கண்ணைப் பொத்தினார். "எல்லாம் நேரா இருக்கு. ரயில் தண்டவாளம் மாதிரி இருக்கு. பாஸா?"

"மத்தக் கண்ணு."

இடது கண்ணைப் பொத்தினார்.  ஒரு எட்டு முன்னால் வைத்தார். கையை நீட்டி, புள்ளிக்கு மேலே வலப்புறம், தாளைத் தேய்த்துவிட்டார்.

"இந்த எடத்துல தாளு மடிஞ்சிருக்கோ?"

தாள் மடியவில்லை.

"கோடு அறுந்து தெரியுது." மறுபடி தேய்த்தார். "வேற தாளு ஒட்டுங்க, பெரியண்ணாச்சி."

வேறு தாள் ஒட்டினேன். அதையும் தேய்த்துப் பார்த்தார். பிறகு தம்முடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே திருநெல்வேலிக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். மறுத்துவிட்டார். தொட்டி முடியட்டும் என்றார். அப்புறம் ஊரில் திருவிழா என்றார். பயந்தார் என்பது எனக்குப் புரிந்தது. புறப்படும் நாளில் கருவியின் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் சேவியருக்குப் பழைய கேலி திரும்பியது.

"சாவியக் கொண்டுட்டு ஜெர்மனிக்கா போறிய? மெஷினு இங்கன, சாவி அங்கன! நல்ல கூத்தா இருக்கே."

கோமதிதான் முடித்து வைத்தாள்.

"கொண்டு போகட்டும். தொட்டிய ஆர்கான்ல அடிங்க. நெளிஞ்சா நெளியட்டும், தட்டி நிமித்திக்கிடலாம்."

8

இங்கே பதினொன்று பத்துக்கு அழைப்பு வந்தது. மருத்துவமனை வராந்தா. சேவியர் கைபேசியை முகத்துக்கு மிக அருகே பிடித்திருந்தார்.

"பெரியண்ணாச்சி, பாத்தாச்சு. இடது கண்ணுல ஒண்ணுமில்ல. வலது கண்ணுல ஒரு தழும்பு இருக்காம். கடுகு கணக்கா. ஆனா நடுவுல இல்ல, ஒதுங்கி இருக்காம். அது மறையாதாம், வளரவும் செய்யாதாம்."

"படிக்கலாமா? வேலை செய்யலாமா?"

"எல்லாம் செய்யலாமாம். இந்தத் தடவ தப்பிச்சுட்டிய, இன்னொரு தடவ நடுவுல விழுந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாதுன்னாரு டாக்டரு." கைபேசியை மறு கைக்கு மாற்றினார். "அண்ணாச்சிக்கு நடுவுல விழுந்துட்டு, என்னா? எனக்கு நூலளவுல ஒதுங்கிட்டு."

கோமதி அவரிடம் சொல்லிவிட்டாள் போலும். ஆமாம் என்றேன்.

"கோழி பாக்குத மாதிரின்னு சிரிச்சேனே, பெரியண்ணாச்சி."

 கண்ணாடிகள் மூன்று இன்று அஞ்சலில் புறப்படுகின்றன என்றும், பட்டறையின் மூலையில் மறைப்புக் கட்டிய பிறகு சாவியை அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். சிரிக்க முயன்றேன் என்று நினைக்கிறேன்.

"சொட்டு மருந்து விட்டதுல ஒங்க மூஞ்சி பனிக்குள்ள நிக்க மாதிரி இருக்கு" என்றார் சேவியர். "ஆளு தெரியுது. சந்தோசமா இருக்கியளா, கோவமா இருக்கியளான்னுதான் தெரியல. சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அழைப்பு முடிந்த பிறகும் நான் எழவில்லை.

எதிர்ச் சுவரில் தம்பியின் படம் இருக்கிறது. பட்டறை வாசலில் எடுத்தது. பார்வையை அவனுடைய முகத்தில் வைக்காமல், காதுக்கு அப்பால் சுவரில் வைத்தேன். அவன் பார்த்த விதமாகவே, தலையைச் சற்றுக் கோணி, அசையாமல் வைத்தேன். ஒரு முகம் இருப்பது தெரிந்தது. நெற்றியும் மீசையும் தெரிந்தன. அது யார் என்பதும் தெரிந்தது. அவன் அந்தப் படத்தில் சிரிக்கிறானா என்பதை, எத்தனை முயன்றும், அறிய முடியவில்லை.

"என்ன, சிரிக்கியா?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டான்.

பார்த்தால் தெரியவில்லையா என்று, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அவனிடம் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.